சாம்பிள் அண்ணன் கேட்ட பியானோ

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். பத்திரிகையில் எழுதுகிற ஆள் இல்லை நான். பன்னிரண்டாவது வரை படித்தவள். கள்ளக்குறிச்சி மண்டித் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மற்றவர்கள் எழுதியதைப் பிரதி எடுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். நாலு பேர் சேர்ந்தாற்போல் கடைக்குள் நுழைந்தால், மெஷினுக்குப் பின்னால் குனிந்து பேப்பர் தேடுவதுபோல் இருந்துவிடுவேன். அப்படிப்பட்டவள், ஒரு பியானோக் கலைஞரைப் பற்றி இங்கிலாந்துப் பத்திரிகைகள் எழுதிய விமர்சனங்களைப் பேச வந்தால் உங்களுக்குச் சந்தேகம் வரும். வரட்டும். நான் சொல்லப்போகும் மனிதருக்கு அப்படிப்பட்ட வாசகர்களைத்தான் பிடிக்கும்.

கள்ளக்குறிச்சியில் தொடங்கி கல்வராயன் மலை உச்சிவரை சல்லடை போட்டுத் தேடினாலும் சாம்பிள் அண்ணனைப்போல் சந்தேகப்படும் ஜீவன் ஒன்று கிடைக்காது. சூரியன் நேரத்துக்கு உதித்தால்கூட, "இன்னா, இன்னிக்கு இவ்ளோ சுருக்கா வந்துக்கினு இருக்குது?" என்று கேட்கக்கூடியவர்.

மண்டிக்கு வரும் நெல், உளுந்து, மக்காச்சோள மூட்டைகளைச் சோதித்துத் தரம் சொல்வது அவர் வேலை. கையில் எப்போதும் குத்தூசி இருக்கும். முனை கூராகவும் உள்ளே குழிவாகவும் இருக்கும் இரும்பு. மூட்டையில் குத்தி இழுத்தால் நடுவில் இருக்கும் தானியம் ஒரு பிடி வெளியே வரும். அதுதான் சாம்பிள். அதனாலேயே அவருக்கும் அந்தப் பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. அதையும் அவர் அடிக்கடி எடுத்துச் சரிபார்ப்பதாகத் தெருவில் சொல்வார்கள்.

"மேல நல்ல சரக்கா வெப்பானுங்க. கொட்டிப் பாப்பான்னு தெரிஞ்சி அடியிலயும் நல்லதாவே வெப்பானுங்க. நடுவுலதான் மண்ணும் பதரும் கீது. நடுவுல குத்தனும்."

மண்டியில் இந்தக் கொள்கை சரி. அவர் அதை மண்டியோடு விடவில்லை. அதுதான் சங்கடம்.

சினிமாவுக்கு இடைவேளை முடிந்த பிறகுதான் போவார். "மொத பாதி எல்லாவனும் ஒழுங்காதான் எடுப்பான்." மாதா கோயிலில் சாமியார் பிரசங்கம் பாதியில் இருக்கும்போது உள்ளே நுழைந்து, கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றபடி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். கல்யாணச் சாப்பாட்டில் முதல் பந்தியிலும் உட்கார மாட்டார், கடைசிப் பந்தியிலும் உட்கார மாட்டார். பேப்பர் வாங்கினால் கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவுவார். உருவியதையும் நடுப்பக்கத்திலிருந்து படிப்பார். என் கடையில் பத்துப் பிரதி எடுத்தால் முதலாவதையும் பத்தாவதையும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அஞ்சாவதை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார்.

"செல்வி, இது ஏன் லேசா வெளுத்துக்கீது?"

"இல்லீங்ணா, எல்லாம் ஒரே மாதிரிதான்."

"ஒரே மாதிரின்னு நீ சொல்றதுதான் இடிக்குது."

பெண் பார்க்கப் போன கதையை அவர் மனைவி ரோஸி அக்கா சொல்லிக் கேட்க வேண்டும். இவரை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி நாள் குறித்திருக்கிறார்கள். இவர் புதன்கிழமை காலையிலேயே போய் நின்றுவிட்டார். நைனார்பாளையத்தில் அவர்கள் வீட்டு வாசலில் ரோஸி அக்கா தலையை அள்ளி முடிந்துகொண்டு, ஓடிப்போன கோழியை ஒரு குச்சியோடு துரத்திக்கொண்டிருந்தாராம். இவர் பார்த்தார், திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போகவே இல்லை. சம்மதம் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"அந்தக் குச்சிய அன்னிக்கே அந்தாளு மேல வீசிருக்கணும்" என்பார் ரோஸி அக்கா.

இந்தத் தம்பதிக்கு ஒரே மகள், எஸ்தர். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நேரம் வந்தபோது, டவுனில் இருக்கும் பள்ளிகளையெல்லாம் சாம்பிள் அண்ணன் தள்ளிவிட்டார். எல்லாப் பள்ளி வாசலிலும் மார்க் எடுத்த பிள்ளைகளின் படம் போட்டு பேனர் கட்டியிருந்தார்கள். பேனர் என்றால் மூட்டையின் மேல்பக்கம். மலையில் கரியாலூர் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதிப் பள்ளி ஒன்று இருந்தது. அதற்கு ஒழுங்கான பெயர்ப்பலகைகூடக் கிடையாது. "இதான் நம்பக்கூடிய எடம்" என்று மகளை மலையேற்றிவிட்டார்.

அந்தப் பள்ளியில் பழைய பியானோ ஒன்று இருந்தது. எந்தக் காலத்திலோ எந்த நாட்டிலிருந்தோ வந்த ஒரு சிஸ்டர் விட்டுப்போனது. வயதான இன்னொரு சிஸ்டருக்கு அதை வாசிக்கத் தெரியும். அவர் எஸ்தருக்குச் சொல்லிக்கொடுத்தார். அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து இங்கிலாந்து. எப்படிப் போனாள், யார் படிக்கவைத்தார்கள் என்பதெல்லாம் பெரிய கதை. சாம்பிள் அண்ணன் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "எதுக்கு சும்மா செய்யறாங்க?"

மகள் பெரிய மேடைகளில் வாசிக்க ஆரம்பித்தாள். அங்கே பத்திரிகைகளில் எழுதினார்கள். இசைத்தட்டு வந்தது, அதையும் புகழ்ந்து எழுதினார்கள். எஸ்தர் எல்லாவற்றையும் அப்பாவின் போனுக்கு அனுப்பினாள். என் தலைவலி அங்கே ஆரம்பித்தது.

ஒருநாள் போனைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "படி. தமிழ்ல சொல்லு."

"எனக்கு அவ்வளவா இங்கிலீஷ் வராதுங்ணா. எதிர் மாடி டியூசன் சார்கிட்ட..."

"அந்தாளு ஜாஸ்தி பேசறாரு. நீ வாயே தொறக்கறது இல்ல. பேச்சு கம்மின்னா பொய்யும் கம்மியாதான இருக்கும்?"

இதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். அதே விமர்சனத்தை டியூசன் சாரிடமும் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லி, நான் சொன்னதோடு ஒத்துப் பார்த்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தால் கையை நீட்டி நிறுத்துவார். "நடுவுல இருந்து படி." எழுதியவர்களும் மனிதர்கள்தானே, நடுவில் எங்காவது ஒரு சின்னக் குறை சொல்லியிருப்பார்கள். இரண்டாம் பாகத்தில் கொஞ்சம் அவசரப்பட்டாள் என்று ஒருவர் எழுதியிருந்தார். சாம்பிள் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

"இவன் ஒருத்தன்தான் யோக்கியன். பேரு இன்னா?"

பெயரைச் சொன்னேன். அவர் வாயில் நுழையவில்லை. 'அவசரக்காரன்' என்று வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு விமர்சனத்துக்கும், "அவசரக்காரன் எழுதனதா?" என்று கேட்பார். இல்லை என்றால் பாதி ஆர்வம் போய்விடும்.

புகழ்ச்சிகளை அவர் சோதித்த விதம் அலாதி. அவளுடைய இடது கையும் வலது கையும் ஒன்றோடொன்று வாதம் செய்வதுபோல இருந்தது என்று ஒரு பத்திரிகை எழுதியிருந்தது.

"ரெண்டு கையும் சண்ட போட்டுக்கினு இருந்துச்சுன்னு எழுதிக்கிறான். இத போயி பாராட்டுன்னு அனுப்பிக்கிறா பாரு!"

இன்னொருவர், அவள் வாசிக்கும் சுரங்களைவிட, இடையில் விடும் மௌனம் அழகு என்று உருகி உருகி எழுதியிருந்தார். அதை நான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்ததும் சாம்பிள் அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாசிக்காத எடம் நல்லா இருந்துச்சா?"

"அப்பிடித்தாங்ணா போட்டுருக்கு."

"கோணியில காலி எடம் எவ்ளோ அழகா கீதுன்னு எந்த யாவாரியாவது சொல்லுவானா? சொன்னான்னா அவன் எதுக்கோ அடிபோடறான்."

இசைத்தட்டு தபாலில் வந்த அன்று என் கடைக் கம்ப்யூட்டரில் போட்டோம். அட்டையில் எஸ்தர் கறுப்பு உடையில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்மள ஏன் பாக்கல?" என்று முதல் சந்தேகம். பிறகு, "ரெக்கார்டுல தப்ப வெட்டி எறிஞ்சிருப்பானுங்க. இது சலிச்ச சரக்கு" என்று இரண்டாவது. மூன்றாவதாக என்னை நகரச் சொல்லிவிட்டு, மௌஸைத் தானே பிடித்து, திரையில் பாட்டு ஓடுவதைக் காட்டும் நீலக் கோட்டின் நடுவில் ஒரு குத்துக் குத்தினார்.

சத்தமே வரவில்லை. அவர் குத்திய இடம், அந்த விமர்சகர் உருகிய மௌனம்போல. இருவரும் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"காலி" என்றார். தட்டை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போயேவிட்டார்.

இதையெல்லாம் பார்த்து நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். தை பிறந்து மக்காச்சோளம் மண்டியில் மலையாகக் குவிந்துகொண்டிருந்த நாளில், எஸ்தரே என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். அவள் வரப்போவதாக யாருக்கும் சொல்லவில்லை. சாயலில் அப்படியே அப்பா. கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் அந்தப் பார்வை உள்பட.

"அக்கா, நீங்கதான் எல்லாத்தையும் அப்பாக்குப் படிச்சிக் காட்டுறீங்களாமே."

"ஏதோ தெரிஞ்ச வரைக்கும்."

"அவரு இன்னா சொல்வாரு?"

நான் மெஷினுக்குப் பின்னால் குனிந்து பேப்பர் தேட ஆரம்பித்தேன். அவள் விடவில்லை. நானும் எவ்வளவு நேரம்தான் தேடுவது? சண்டை, காலி இடம், அவசரக்காரன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். கொஞ்சம் சிரித்தாள். பிறகு முகம் மாறிவிட்டது.

"எனக்கும் அதேதாங்க்கா. அங்க எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுறாங்க. பேப்பர்ல எழுதுறாங்க. படிச்சா உள்ள அப்பா கொரலு கேக்குது. எதுக்கு சொல்றான்? இவனுக்கு இன்னா லாபம்? எங்கியோ மலையிலேருந்து வந்தவன்னு பாவம் பாத்து எழுதுறாங்களோன்னு தோணுது. போன மாசம் ஒரு கச்சேரிய வேணாம்னு சொல்லிட்டேன். வர்ற மாசம் பெரிய ஹால்ல ஒண்ணு இருக்குது. அதயும் வேணாம்னு சொல்லிட்டு, மொத்தமா விட்ரலாமான்னுதான் வந்தேன்."

"ஐயோ, ஏம்மா?"

"எனக்குத் தெரிஞ்சி சும்மானாச்சும் நல்லாருக்குன்னு சொல்லாத ஆளு ஒருத்தருதான். அவரு ஒரு தடவ நேர்ல கேட்டுச் சொல்லட்டும். மட்டம்னு சொன்னாக்கூட சரி, விட்டுட்டு இங்கியே வந்து பசங்களுக்குச் சொல்லிக்குடுத்துக்கினு இருப்பேன். எதுவும் சொல்லாம இருக்காரு பாருங்க, அதான் தாங்கல."

அன்று மாலை சாம்பிள் அண்ணன் கடைப்பக்கம் வந்தபோது, என் வாழ்க்கையிலேயே மிக நீளமான பேச்சைப் பேசினேன். "அண்ணா, நீங்க ஒரு தடவ கேட்டுச் சொல்லலன்னா அவ பியானோவையே விட்டுருவாளாம்."

அவர் கண்ணைச் சுருக்கினார். "இத என்னாண்ட சொல்லச்சொல்லி உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க."

"அப்பறம் எதுக்கு நீ சொல்ற?"

நான் மெஷின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.  அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குத்தூசியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார்.

"செல்வி, மண்டில ஒரு வழக்கம் கீது. சொந்தக்காரன் சரக்க நாம குத்தக் கூடாது. என் தம்பி களமருதூர்லேருந்து நெல்லு ஏத்திக்கினு வந்தான்னா நான் அப்பால போயி நின்னுக்குவேன். வேற ஆளுதான் குத்துவான். ஏன்னா, நம்ம கை நம்மளயே ஏமாத்தும். மண்ணு வந்தாக்கூட நெல்லுன்னு காட்டும். தம்பி சரக்குக்கே அப்பிடின்னா, பெத்த பொண்ணு வாசிக்கறத நான் எப்பிடி கேட்டுச் சொல்றது? நான் நல்லாருக்குன்னு சொன்னா அது செல்லாது."

எல்லோரையும் சந்தேகப்படும் மனிதர் தன்னையும் விட்டுவைக்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் அவர் வாய் திறக்காததற்கு அதுதான் காரணம். ஆனால் அதை மகளிடம் போய்ச் சொல்லுங்கள் என்றால், "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எஸ்தர் வந்திருப்பது தெரிந்து மலைப்பள்ளியில் ஆண்டு விழாவுக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேனில் கிளம்பினோம். எஸ்தர், ரோஸி அக்கா, நான். சாம்பிள் அண்ணன் வரமாட்டேன் என்றார். வேன் புறப்படும்போது கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். "இந்த டிரைவர் மூஞ்சி சரியில்ல" என்றார். மலைப்பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் பின்சீட்டிலிருந்து தலையை நீட்டி, "பிரேக்கு புடிக்குதா?" என்று கேட்டார். நாலைந்து வளைவு தாண்டியதும் டிரைவர் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, "பெரியவரே, நீங்களே ஓட்டிக்கினு வாங்களேன்" என்றார். ரோஸி அக்கா தலையிட்டுச் சமாதானம் செய்ததால் மேலே போய்ச் சேர்ந்தோம்.

பள்ளியின் பெரிய கூடத்தில் பியானோவை வைத்திருந்தார்கள். பழுப்பேறிய பல் மாதிரிக் கட்டைகள். மழையும் பனியும் குடித்து மரம் உப்பியிருந்தது. பாண்டிச்சேரியிலிருந்து ஆள் வரவழைத்துக் கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்திருந்தார்கள். சாம்பிள் அண்ணன் நேராகப் போய் அதன் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். மூடியைத் தூக்கி உள்ளே கையை விட்டார்.

"உள்ள இன்னா வெச்சிக்கிறீங்க?"

"கம்பிங்க" என்றார் தலைமை சிஸ்டர்.

"வேற?"

"சுத்தியல் மாதிரி கட்டைங்க."

"அவ்ளோதானா?" என்று சிஸ்டரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வந்து, கதவோரமாக நின்றுகொண்டார். உட்காரவில்லை.

பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அருவி பார்க்க வந்த சுற்றுலாக் கும்பல் ஒன்றும் என்ன விசேஷம் என்று உள்ளே வந்து நின்றது. சிறப்பு விருந்தினராக ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வந்திருந்தார். மைக்கைப் பிடித்தார். எஸ்தர் உலகப் புகழ் பெற்றவர் என்றார். இங்கிலாந்தே எழுந்து நின்று வணங்குகிறது என்றார். அவள் விரல்கள் பத்தும் பத்து ரத்தினங்கள் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு ரத்தினத்தின் பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். எஸ்தர் பியானோவுக்கு முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் அவள் இன்னும் கொஞ்சம் சின்னதாகிக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சு முடிவதற்குள் இவள் வாசிக்காமல் எழுந்து போய்விடுவாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

அதிகாரி கோமேதகத்துக்கு வந்தபோது கதவோரமிருந்து குரல் கேட்டது.

"யோவ், மூட்டையே இன்னும் பிரிக்கல. அதுக்குள்ள வெல சொல்லிக்கினு இருக்கிற?"

கூடம் திரும்பிப் பார்த்தது. சாம்பிள் அண்ணன் பிள்ளைகளின் நடுவே வழி பண்ணிக்கொண்டு பியானோவை நோக்கி நடந்தார். ரோஸி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பின்னால் போய்க் குனிய எனக்கு மெஷின் இல்லாமல் போயிற்று.

சொந்தக்காரன் சரக்கைக் குத்தக் கூடாது என்று சொன்னவரே பியானோவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மகளைப் பார்க்கவில்லை. பியானோவைத்தான் பார்த்தார்.

"எஸ்தரு, வாசி. நடுவுல இருந்து வாசி."

எஸ்தர் நிமிர்ந்தாள். "எதோட நடுவுலப்பா?"

"எதுவா இருந்தா இன்னா? மொதலு வேணாம், கடேசியும் வேணாம். நடுவுல."

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். கையைத் தூக்கினாள். எங்கிருந்தோ எடுத்து எங்கேயோ போகிற மாதிரி திடீரென்று ஆரம்பித்தது. எனக்கு அந்த இசையைப் பற்றிச் சொல்லத் தெரியாது. ஓடுகிற பஸ்ஸில் ஏறியதுபோல் இருந்தது. நாம் ஏறி நிற்பதற்குள் அது வேகம் எடுத்துவிட்டது.

"நிறுத்து" என்றார். நிறுத்தினாள்.

"அங்க ஒரு ஓட்டை கீது."

"அந்தக் கட்டை பேசாதுப்பா. ஈரத்துல ஊறிப்போச்சி. அமுக்குனா சத்தம் வராது."

நம்புவாரா? குனிந்து அவரே அந்தக் கட்டையை ஒரு விரலால் அமுக்கினார். 'டொக்' என்றது, அவ்வளவுதான். மறுபடி அமுக்கினார். பக்கத்துக் கட்டையை அமுக்கினார், அது கணீரென்று பேசியது. திரும்பவும் பழைய கட்டை. டொக்.

"சரி. இது கோணியோட குத்தம். சரக்கு மேல குத்தமில்ல. வேற எடு. அதுலயும் நடுவுல."

இன்னொன்றை எடுத்தாள். இது மெதுவானது. இடையில் கையை எடுத்துவிட்டு அப்படியே இருந்தாள். கூடத்தில் ஒரு பிள்ளைகூட இருமவில்லை. இதைத்தான் அந்தப் பத்திரிகைக்காரர் எழுதினார்போல என்று எனக்குத் தோன்றியது. சாம்பிள் அண்ணனைப் பார்த்தேன். காலி என்று சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ காதைக் கொஞ்சம் சாய்த்து, அந்தச் சத்தமில்லாத இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எஸ்தரின் கை மறுபடி இறங்கியபோது அவர் தோள் லேசாகக் குலுங்கியது.

"வேற."

மூன்றாவதை எடுத்தாள். இப்போது அவள் அப்பாவைப் பார்க்கவே இல்லை, கட்டைகளைத்தான் பார்த்தாள். தாடை இறுகியிருந்தது. மாவு கொட்டுகிற மாதிரியும் ஆலங்கட்டி விழுகிற மாதிரியும் மாற்றி மாற்றி வந்தது. பாதியில் "நிறுத்து" என்றார் மறுபடி.

நிறுத்தினாள். அவள் கை அந்தரத்தில் நின்றது. அவர் முகத்தையே பார்த்தாள். விட்டுவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி அவள் கண்ணில் அப்படியே தெரிந்தது. அதிகாரி மைக்கை மறுபடி எடுக்கலாமா என்று சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

சாம்பிள் அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். வியர்க்கும்படி அங்கே வெயில் ஒன்றும் இல்லை.

"மொதல்லேருந்து வாசி" என்றார்.

சொல்லிவிட்டு நேராக வந்து, தரையில் பிள்ளைகளின் முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் எதையாவது முதலிலிருந்து கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ரோஸி அக்கா முந்தானையை முகத்திலிருந்து எடுத்தார். "கல்யாணப் பூசையையே இந்தாளு பாதியிலதான் கேட்டாரு" என்று என் காதில் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார்.

எஸ்தர் முதலிலிருந்து வாசித்தாள். கடைசி வரைக்கும் வாசித்தாள். பேசாத கட்டை வந்த இடங்களில் டொக் என்று மட்டும் கேட்டது. அதற்கும் சேர்த்துத்தான் எல்லோரும் கை தட்டினார்கள். சாம்பிள் அண்ணன் தட்டவில்லை. பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்த சுற்றுலாக்காரரிடம் குனிந்து, "உன்ன யாருனா தட்டச் சொன்னாங்களா?" என்று விசாரித்தார்.

திரும்பும்போது டிரைவர் பயந்து பயந்து ஓட்டினார். பிரேக்கைப் பற்றி ஒரு கேள்விகூட வராதது அவருக்குப் பெரிய கலக்கம். வளைவுகள் பாதி இறங்கியதும் எஸ்தர்தான் கேட்டாள்.

"அப்பா, எப்டி இருந்துச்சி?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். 

"அந்தப் பேப்பர்ல எழுதறவனுங்க இருக்கானுங்கல்ல," என்றார்.

"ஆமா."

"நேர்ல கேட்டுட்டுத்தான் எழுதறானுங்களா?"

"ஆமாப்பா. கேட்டுட்டுத்தான்."

"அப்பறம் ஏன் இவ்ளோ கம்மியா எழுதிக்கிறானுங்க?"

ரோஸி அக்கா சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். அவர் தொடர்ந்தார். இப்போது குரலில் நிஜமான கோபம் இருந்தது.

"நல்ல சரக்க வேணும்னே கம்மியா சொல்றான்னா, அவன் அத அமுக்கப் பாக்கறான்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா? அதுல அந்த அவசரக்காரன்தான் பெரிய கேடி. யோக்கியன் மாதிரி நடிச்சிக்கினு இருந்துக்கிறான். நீ போ. போயி அந்தப் பெரிய ஹால்ல வாசி. ஆனா அவனுங்க எழுதறத மட்டும் நம்பாத. இன்னா?"

"சரிப்பா" என்றாள் எஸ்தர். சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் ரோஸி அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இப்ப எதுக்கு சிரிக்கிறா?" என்று என்னிடம் கேட்டார் சாம்பிள் அண்ணன்.

மலைக்காற்று ஜில்லென்று உள்ளே வந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி மூடவில்லை. அவர் இரண்டு முறை தள்ளிப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து, மகளின் மடியில் கிடந்த இரண்டு கைகளின் மேலும் போட்டு, ஓரங்களைச் செருகிவிட்டார். மகளின் கைகளைத் தொடவில்லை. துண்டு பறந்துவிடாமல் இருக்கக் கீழே வந்து சேரும்வரை அதன் ஒரு நுனியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி யாராவது என்னிடம் சாட்சி கேட்டால், அந்த நுனியைப் பிடித்திருந்த கையைத்தான் சொல்வேன்.

மறுநாள் காலை எஸ்தர் சென்னை பஸ்ஸில் கிளம்பிப் போனாள். நான் வழக்கம்போல் கடையைத் திறந்தேன். மதியம்வரை கரண்ட் இல்லை.